சனிக்கிழமைகளில் சொன்ன இறகுப்பூச்சி

முதலில் பூச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் என்னிடம் சொல்வதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

ஐரோப்பாவில் எங்கும் காணக்கூடிய ஒரு சிறிய அந்துப்பூச்சி அது. மொன்றியலிலும் உண்டு. எப்படி வந்தது என்று எங்கள் ஆய்வுகூடத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். காய்ந்த வைக்கோலின் நிறம். ஓய்ந்திருக்கும்போது சிறகுகளைப் பாய் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டி இரண்டு பக்கமும் நேராக நீட்டி வைத்துக்கொள்ளும். தலைத்துண்டு உடைந்த சிலுவை மாதிரி இருக்கிறது என்று படத்தைப் பார்த்த அம்மா சொன்னார். சுருளை விரித்தால்தான் அதன் அழகு தெரியும். முன்சிறகு இரண்டாகப் பிளந்திருக்கும், பின்சிறகு மூன்றாக. ஒவ்வொரு பிளவின் ஓரத்திலும் மென்மயிர் வரிசை. தமிழில் அதற்குப் பெயர் இருக்கிறதோ தெரியாது. நான் இறகுப்பூச்சி என்று வைத்துக்கொண்டேன்.

மொன்றியல் தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள விவசாய வளாகத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளராக வேலை செய்தேன். எங்கள் வீடு இருந்த லாசாலில் இருந்து பஸ் மாறி மாறிப் போகவேண்டும். சோள வயல்களில் வெள்ளைக் குழல்பூப் பூத்துக்கொண்டு செடிகளைச் சுற்றி நெரிக்கும் ஒரு களைக்கொடி இங்கே உண்டு. பிரெஞ்சில் லிஸ்ரோன் என்பார்கள். இறகுப்பூச்சியின் புழு அந்தக் கொடியின் இலையையும் பூவையும் தின்னும். அப்படியானால் பூச்சியைப் பெருக்கி வயலில் விட்டால் களை அடங்குமா? விடுவதற்கு முதல், அது வேறு பயிர்களில் வாய் வைக்குமா என்று பார்க்கவேண்டும். பார்ப்பதுதான் என் வேலை. வலைக்கூண்டுகளில் பூச்சிகளை வளர்ப்பேன். முட்டை தேடுவேன். பொரித்த புழுக்களைச் சித்திரம் வரையும் மெல்லிய தூரிகையால் தொட்டு எடுத்து, ஈரத்தாள் விரித்த தட்டுகளில் ஒவ்வொன்றாக வைத்து, இலை மாற்றுவேன். விரலால் தொட்டால் நசிந்துவிடும்.

அது 2006ஆம் ஆண்டின் கோடை. அதற்கு முந்திய கோடையில் எனக்குக் கலியாணம் நடந்திருந்தது. அப்போது சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தது. அம்மாவும் நானும் யாழ்ப்பாணம் போனோம். கடற்கரைப் பக்க மாதா கோயிலில் எனக்குத் தாலி ஏறியது. எனக்கு மூன்று கிழமைதான் லீவு. அந்த மூன்று கிழமையில் வீடு நிறையச் சனம். விருந்துக்கு மேல் விருந்து. பிறகு நான் திரும்பி வந்து, அவர் கனடாவுக்கு வருவதற்குப் பொறுப்பு நின்று பத்திரங்களை அனுப்பினேன். காத்திருக்கத் தொடங்கினேன்.

என் கணவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இவை: கணக்குப் படிப்பிக்கிறார். மீனில் தலையை விரும்புகிறார். வலது காதுக்குக் கீழே ஒரு தழும்பு, சைக்கிளில் இருந்து விழுந்தது. கோயிலில் பாட்டுப் படிக்கும்போது வாயை அசைப்பார், சத்தம் வராது. மற்றவர்கள் இருக்கும்போது என்னைப் பார்க்கமாட்டார். மற்றவர்கள் இல்லாத நேரமே இருக்கவில்லை. இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை மனதில் கட்டி எழுப்ப நான் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் முயன்றேன். யன்னலோரம் இருந்தால் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

அவர் வீட்டில் போன் இல்லை. சந்தியில் ஒரு கொம்யூனிகேஷன் கடை இருந்தது. அங்கே வெளிநாட்டு அழைப்புகள் வரும். சனிக்கிழமை காலையில் நான் எடுத்தால் அங்கே பின்னேரம். கடைக்கார அண்ணைதான் முதலில் எடுப்பார்.

“ஆர், கனடாப் பிள்ளையோ? நில்லுங்கோ. மாஸ்டர் வந்து கனநேரம். சேட்டெல்லாம் மினுக்கிப் போட்டுக்கொண்டு நிக்கிறார்.”

பின்னால் சிரிப்புக் கேட்கும். அந்தக் கடையை நான் ஊரில் நின்றபோது பார்த்திருந்தேன். போன் பேசுவதற்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே வெக்கை தாங்காமல் அதன் கதவைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டார்கள். கூண்டுக்கு எதிரே உட்கார ஒரு நீண்ட வாங்கு. லண்டனில் இருந்தும் பிரான்சில் இருந்தும் பிள்ளைகள் எடுப்பார்கள் என்று காத்திருக்கும் தாய்மார் அதில் வரிசையாக இருப்பார்கள். கூண்டுக்குள் நிற்பவரின் முதுகைப் பார்த்தபடி.

இந்த நிலையில் ஒரு புது மாப்பிள்ளை என்ன பேசுவார்?

“சுகமோ?”

“ஓம். நீங்கள்?”

“ஓம். சாப்பிட்டீரோ?”

“இப்பதான் எழும்பினனான்.”

“ஓ.”

தொலைபேசிக் ‘காட்’டில் வாங்கிய நிமிடங்கள் கரையும். வாங்கில் யாரோ இருமுவார்கள். ஒரு சனிக்கிழமை, வேறு கேள்வி இல்லாமல் போய், “வேலை எப்பிடிப் போகுது?” என்று கேட்டார்.

“புழு வளர்க்கிறன்.”

“என்னது?”

“புழு.”

“புழுவோ!” என்று அவர் சத்தமாகக் கேட்டுவிட்டார். வாங்கு முழுவதும் அமைதியானது கனடா வரைக்கும் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல்: “மாஸ்டரின்ர மனிசி கனடாவில புழு வளர்க்கிறாவாம்.” இன்னொரு குரல்: “அதுக்கோ இவ்வளவு படிச்சவ?”

அவருக்கு வெட்கமாகியிருக்க வேண்டும். என்னைக் காப்பாற்ற நினைத்தாரோ தன்னைத்தானோ, “சும்மா புழு இல்லை, அது ஒரு ஆராய்ச்சி” என்று திரும்பி அவர்களுக்குச் சொன்னார். பிறகு என்னிடம், “விளங்கப்படுத்தும்” என்றார்.

விளங்கப்படுத்தினேன். எனக்கு அதில் கஷ்டம் இல்லை. ஒழுங்காகச் சொல்லப் பழகியவள். இலையின் கீழ்ப்பக்கத்தில் முட்டை. கூட்டமாக இடாது, ஒவ்வொன்றாக இடும். வெளிர்பச்சை. அவர் நான் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் வாங்கி, திரும்பி, வகுப்பில் சொல்வதுபோல வாங்குக்குச் சொன்னார். “முட்டை. இலைக்குக் கீழ. ஒண்டொண்டா.”

“ஏனாம் ஒண்டொண்டா?”

“ஏன் ஒண்டொண்டா எண்டு கேட்கினம்.”

“எல்லாப் புழுவும் ஒரே இலையில பொரிச்சா சாப்பாடு காணாது.”

“கெட்டிக்காரி,” என்றது அந்தப் பெண்குரல். என்னையா பூச்சியையா என்று தெரியவில்லை. அவர் சிரித்தார். கலியாணம் முடிந்து பத்து மாதத்தில் அவருடைய சிரிப்பை நான் முதன்முதல் கேட்டது அப்போதுதான். அது நான் கட்டி எழுப்பி வைத்திருந்த மனிதரின் சிரிப்பே இல்லை. இன்னும் இளையது, இன்னும் உரத்தது.

அடுத்த சனிக்கிழமை கடைக்கார அண்ணை, “மாஸ்டரைக் குடுக்கிறன். அதுக்கு முதல் சொல்லுங்கோ, பொரிச்சிட்டுதோ?” என்றார்.

அப்படியே அந்தக் கோடை போனது. புழு பச்சை என்றும், முதுகில் மஞ்சள் கோடு என்றும், உடம்பெல்லாம் கட்டையான மயிர்க் கொத்து என்றும் சொன்னேன். தோல் கழற்றிக் கழற்றி வளர்வதைச் சொன்னேன். கூட்டுப்புழுவாகும்போது கூடு கட்டாது, வால் நுனியை இலைத்தண்டில் ஒட்டிக்கொண்டு வெறும் மேலோடு கிடக்கும் என்று சொன்னபோது, வாங்கில் இருந்த ஒரு தாய் மிகவும் கவலைப்பட்டார். அவருடைய மகன் சுவிசில் இருந்தான். கடையில் எல்லாரும் அவரைச் சுவிஸ் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

“கூடில்லாமலோ? ஐயோ, பாவம். ஆரும் கொத்திக்கொண்டு போகமாட்டினமோ?”

“பார்த்தா காஞ்ச இலை மாதிரித்தானாம் அம்மா,” என்றார் என் கணவர். “கொத்த வாறதுக்குத் தெரியாதாம்.”

“அப்ப சரி.”

என் நிமிடங்களில் பாதிக்குமேல் வாங்குக்குப் போனது. நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. அவர்களிடம் திரும்பிப் பேசும்போது அவர் குரல் விரிந்தது. பகிடி விட்டார், கேள்வி கேட்டார், பிழையான பதிலுக்கு “இரும், இரும், யோசியும்” என்றார். என்னிடம் திரும்பியதும் குரல் மறுபடி சுருண்டுவிடும். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவர் மற்றவர்களுடன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் இங்கே வந்து என்னோடு அப்படிப் பேசவேண்டும் என்பதே எனக்கு ஒரே ஆசையாக இருந்தது. வந்தால் போதும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அது போதாமல் போனது.

ஒரே ஒரு சொல் எனக்கென்று இருந்தது. காட் முடியப்போகும் நேரத்தில் அவர் வாயைப் போனோடு ஒட்டிவைத்து, யாருக்கும் கேட்காமல், “வைக்கட்டோ?” என்பார். நான் உடனே பதில் சொல்லமாட்டேன்.

வத்தாளங்கிழங்கின், அதாவது சர்க்கரைவள்ளியின், விஷயம் ஆடி மாதத்தில் வந்தது. வத்தாளையும் அந்தக் களைக்கொடியும் ஒரே குடும்பம். ஆகவே புழு வத்தாளை இலையைத் தின்னுமா என்று பார்க்கச் சொன்னார் என் மேலதிகாரி. அவர் ஒரு கியூபெக்காரப் பெண்மணி. இந்தத் திட்டத்தின்மேல் நிறைய நம்பிக்கை வைத்திருந்தார். இலைக்கு எங்கே போவது? அம்மா தமிழ்க் கடையில் வாங்கிய கிழங்கைக் குசினி யன்னலில் தண்ணீரில் நிறுத்தி வைத்திருந்தார். கொடி திரைச்சீலையில் ஏறியிருந்தது.

“சுண்டலுக்கு வைச்சிருந்தனான்,” என்றார் அம்மா. “எங்கட வத்தாளையைப் புழுவுக்கே குடுக்கப் போறாய்?”

“கொஞ்ச இலைதான் அம்மா.”

“தின்னுமெண்டால் அதுக்கு என்னைவிட நல்ல வாய்.”

அந்தச் சனிக்கிழமை வாங்கு இரண்டாகப் பிரிந்தது. வேறு இலை வைக்காமல் வத்தாளையை மட்டும் வைத்தால் புழு தின்னுமா, பட்டினி கிடந்து சாகுமா? தின்னாது என்றார் அவர். ஒரு பூச்சிக்கு ஒரு செடி என்றுதான் ஆண்டவர் படைத்திருக்கிறாராம். கணக்கு மாஸ்டருக்கு இந்த வேதம் எங்கிருந்து வந்ததோ.

“பசிச்சால் தின்னும் மாஸ்டர்,” என்று சுவிஸ் அம்மா சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. “என்ர மகன் இஞ்ச சோறுதான், பாணைக் கையாலயும் தொடான். அங்க மூண்டு நேரமும் அதுதானாம்.”

பந்தயம் வைத்தார்கள். தோற்றவர் எல்லாருக்கும் தேநீர் வாங்கவேண்டும்.

புழு தின்றது. முதல் நாள் ஓரத்தைக் கடித்துவிட்டு விலகியது. அடுத்த நாள் வந்து பார்த்தபோது இலையில் ஓட்டைகள். சில புழுக்கள் மெலிந்துதான் போயின. ஆனால் மற்றவை வளர்ந்தன, தோல் கழற்றின, கூட்டுப்புழுவாயின. மேலதிகாரி தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். “இதோடு முடிந்தது” என்றார் பிரெஞ்சில். ஒரு பயிரைத் தின்னக்கூடிய பூச்சியைப் பெருக்கி வெளியே விட யாரும் அனுமதிக்கமாட்டார்கள். எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் கைதட்டினார்கள். “மாஸ்டர், தேத்தண்ணி!” என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவர், “எண்ணுங்கோ, எத்தினை பேர்” என்று சிரித்தார். என்னிடம் திரும்பி, “நான் அது தின்னாது எண்டுதான் நினைச்சன்” என்றார். “நானும்,” என்றேன். “வைக்கட்டோ?” என்றார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை போன் வேலை செய்யவில்லை.

பாதையைப் பூட்டிவிட்டார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். சண்டை தொடங்கிவிட்டது, சாமான் இல்லை, தொலைபேசி இல்லை. நான் இலக்கங்களை அழுத்துவேன். நீளமான ஒரே ஒலி வரும். சில நேரம் அந்த ஒலிகூட வராது, வெறும் காற்று. நான் போன் காட்டைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். யாரும் என்னிடம் கேட்பதை நான் விரும்பவில்லை. அம்மா கேட்கவில்லை. செபமாலையை என் தலையணையின் கீழ் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கூண்டுகளைக் கழுவி வைக்கச் சொல்லியிருந்தார்கள். கடைசித் தலைமுறைப் பூச்சிகள் அப்போதுதான் வெளிவந்திருந்தன. இந்த இறகுப்பூச்சி முட்டையாகவோ கூட்டுப்புழுவாகவோ குளிர்காலத்தைக் கடப்பதில்லை. முழுப் பூச்சியாகவே கடக்கிறது. கொட்டில்களிலும் மரப்பட்டை இடுக்குகளிலும் புகுந்து, சிறகைச் சுருட்டிக்கொண்டு, தின்னாமல், அசையாமல், பனி முழுவதும் இருக்கும். வெயில் திரும்பியதும் எழும்பி முட்டை இடும். இவற்றை எறியாமல் கருவிக் கொட்டிலில் வைக்கலாமா, எத்தனை தப்புகின்றன என்று பார்க்கலாம் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். திட்டம் முடிந்துவிட்டதே என்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு சரி என்றார். அட்டைப்பெட்டிகளில் பட்டைத் துண்டுகளைப் போட்டு, வலை கட்டி, கொட்டிலின் மேல்தட்டில் அடுக்கினேன்.

இலைகள் விழுந்துவிட்ட ஒரு சனிக்கிழமை, ஒலி மாறியது. யாரோ எடுத்தார்கள்.

“ஹலோ? ஆர்?”

“அண்ணை, கனடாவில இருந்து.”

“கனடாப் பிள்ளையோ! ஐயோ பிள்ளை, மாஸ்டர் இல்லை. பயப்படாதேங்கோ. பாதை பூட்டினபடியால் கப்பலுக்குப் பதிஞ்சு, நாள் நாளாய் நிண்டு, ஏறிட்டார். கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.”

“எப்ப அண்ணை?”

“சரியாச் சொல்லத் தெரியேல்லை. கடை கனநாள் பூட்டிக்கிடந்தது.” பின்னால் யாரோ ஏதோ சொன்னார்கள். “பிள்ளை, அந்தப் பூச்சி என்னவாம்? இஞ்ச சுவிஸ் அம்மா கேட்கச் சொல்லுறா.”

“குளிருக்குக் கொட்டிலுக்குள்ள வைச்சிருக்கிறன் அண்ணை. சாப்பிடாது. சாகாது.”

“சாகாதாம்,” என்று அவர் திரும்பிச் சொல்வது கேட்டது.

கொழும்பில் இருந்து என் கணவர் இரண்டு தரம் எடுத்தார். சுருக்கமாக. விசா கிடைத்ததும் மாசியில் வந்தார். டோர்வல் விமான நிலையத்துக்கு நான் ஒரு குளிர்க்கோட்டுக் கொண்டுபோயிருந்தேன். அது அவர் விரல்களையும் மூடிக்கொண்டு தொங்கியது. அவர் அதை ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டார். காரில் வரும்போது யன்னலுக்கு வெளியே வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்தபடி, “ஓ” என்றார்.

அம்மா எங்களுக்குப் பெரிய அறையைத் தந்தார். லாசாலிலேயே ஒரு களஞ்சியத்தில் அவருக்குப் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. பின்னேரத்தில் பிரெஞ்சு வகுப்பு. அவர் நல்லவராக இருந்தார். கோப்பையைக் கழுவி வைத்தார், அம்மாவுக்குச் சாமான் தூக்கிக்கொடுத்தார், எனக்கு முன்னால் எழும்பிக் கோப்பி போட்டார். பேசவில்லை. கேட்டால் “ஓம்”, கேட்டால் “இல்லை”. வெளியில் போகும்போது “போட்டு வாறன்”. பாதை பூட்டியதற்கும் கப்பலுக்கும் இடையில் இருந்த மாதங்களைப் பற்றி ஒருமுறை கேட்டேன்.

“ஒண்டுமில்லை. வந்து சேர்ந்திட்டன்தானே.”

சனிக்கிழமை காலையில் அவர் குசினி மேசையில் இருந்து பிரெஞ்சு வினைச்சொற்களை எழுதிக்கொண்டிருப்பார். நான் எதிரே இருப்பேன். போன் எடுக்கவேண்டும்போல இருக்கும். யாரை? மூன்று அடி தூரத்தில் இருந்தவரை. இதை யாரிடமும் சொல்ல முடியாது. கணவன் வந்து சேர்ந்த பிறகும் கணவனுக்காக ஏங்குகிறேன் என்றால் அம்மா என்னை வைத்தியரிடம் கூட்டிப்போயிருப்பார்.

சித்திரையில் பனி இளகியது. கொட்டிலைத் திறந்து பெட்டிகளைப் பார்க்கவேண்டும். “வாறீங்களோ?” என்று கேட்டேன். “ஓம்,” என்றார். பஸ் மாறி மாறிப் போனோம். வளாகத்தில் சேறு. அவர் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார்.

முதல் பெட்டியில் எல்லாம் செத்திருந்தன. இரண்டாவதிலும் பெரும்பாலும் அப்படித்தான். மூன்றாவது பெட்டியை வாசலில் வெயிலில் வைத்து, வலையை விலக்கி, பட்டைத் துண்டு ஒன்றைத் திருப்பினேன். அதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் மூச்சை மெதுவாக விட்டேன். ஒரு கால் அசைந்தது.

“இந்தா.”

“எங்க?”

“இதில.”

அவர் குனிந்தார். என் விரல் நுனியைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். “இது வைக்கோல் துரும்பெல்லே?”

“இதுதான் பூச்சி.”

“இதோ?”

“ஓம்.”

“இவ்வளவுதானோ?” என்று நிமிர்ந்தார். முகத்தில் எதையோ களவு கொடுத்தவரின் பார்வை. பிறகு கோட்டுக் கைக்குள் இருந்து தன் கையை வெளியே எடுத்து, விரல்களை அகல விரித்து, பூச்சிக்குப் பக்கத்தில் பிடித்தார். “நான் வாங்கில இருந்தவைக்கு இவ்வளவு எண்டெல்லோ சொன்னனான்.”

“எவ்வளவு?”

“ஒரு கை. செட்டை விரிச்சால் ரெண்டு கை. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினனான்.”

“ஆர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது?”

“நீர்தான். முன்செட்டை ரெண்டாப் பிரியும், பின்செட்டை மூண்டாப் பிரியும், எல்லாத்திலயும் இறகு எண்டு சொன்னனீர். அவ்வளவு சாமான் இருக்கிறதுக்கு ஒரு கையாவது வேணும்தானே? கொக்கின்ர இறகு மாதிரி எண்டு நினைச்சன்.”

அவர் சொன்னது சரி. நிறம், முட்டை, தோல், மயிர், வால் நுனி எல்லாம் வரிசை தவறாமல் சொன்னேன். அளவை மட்டும் ஒரு நாளும் சொல்லவில்லை. எங்கள் கூடத்தில் அது எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருந்ததால், சொல்லவேண்டிய ஒன்றாக எனக்குத் தோன்றவே இல்லை.

“கணக்கு மாஸ்டர், நீங்களாவது அளவு கேட்டிருக்கலாம்.”

“வாங்கில இருந்து ஒரு மனிசியாவது கேட்கேல்லை!” என்றார். சிரிக்கத் தொடங்கினார். கம்பி வழியாக இல்லாமல் அந்தச் சிரிப்பு முதன்முறை என் முன்னால் வந்தது. பற்களுடனும், கண்ணோரச் சுருக்கங்களுடனும், சேற்றில் வைத்த கால்களுடனும். பூச்சி சுருள் பிரிந்து எழும்பி, நீண்ட கால்களைத் தொங்கவிட்டபடி தள்ளாடிப் பறந்து கொட்டில் ஓரத்தில் போய் இருந்தது. பெண் பூச்சியாக இருந்தால், கொடி துளிர்க்கும்வரை பொறுத்திருந்து முட்டை இடும் என்று சொன்னேன். அவர் கேட்டாரோ தெரியாது. இன்னும் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் வினைச்சொற்களை மூடிவைத்துவிட்டு, “ஒரு காட் இருக்கோ?” என்று கேட்டார்.

முதல் தடவை கிடைக்கவில்லை. நாலாம் தடவை கிடைத்தது. நின்றுகொண்டே பேசினார். எனக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் கேட்டது.

“அண்ணை, நான்தான்… ஓம், ஓம், குளிர்தான்… அண்ணை, அந்தப் பூச்சி. வாங்கில இருக்கிறவையைக் கூப்பிடுங்கோ… அம்மா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அது சின்னது… இல்லை, இல்லை, அவ்வளவு இல்லை. சின்னிவிரல் நகத்தளவு உடம்பு… ஏன் பொய் சொல்லுறன்? என்ர கண்ணால பார்த்தன்… கனடாக் குளிருக்குச் சுருங்கேல்லை அம்மா, அது பிறப்பே அப்பிடித்தான்!”

குசினி முழுவதும் அவர் குரல் நிறைந்திருந்தது. அடுப்படியில் நின்ற அம்மா கரண்டியோடு திரும்பிப் பார்த்தார், இது யார் என்பதுபோல.

பிறகு அவர் வேறு யாரையோ விசாரித்தார். “எப்ப?” என்றார். “ஆர் ஆர்?” என்றார். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கில் இப்போது யார் யார் வருவதில்லை என்று அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. கடைசியில் வாயைப் போனோடு ஒட்டிவைத்து மெதுவாக, “வைக்கட்டோ?” என்றார்.

அந்தச் சொல் என்னுடையது. அது அவர்களிடம் போனதைப் பார்த்தபடி நான் மேசையில் இருந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. நான் பஸ்ஸில் இருந்து அவரைக் கட்டி எழுப்பியதுபோல அவர் அந்த வாங்கை இங்கே ஒவ்வொரு நாளும் கட்டி எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் போனை வைத்தார். கையை எடுக்கவில்லை. இனி மூன்று நாளைக்கு “ஓம்”, “இல்லை” கூட இராது என்று நினைத்தேன்.

“இஞ்சரும்,” என்றார். “நீர் அந்த நாளில எங்க இருந்து கதைக்கிறனீர்?”

“ஏன்?”

“எனக்குத் தெரியாது. என்ர பக்கம் உமக்குத் தெரியும், கடை, கூண்டு, வாங்கு எல்லாம். உம்மட பக்கம் எனக்கு ஒண்டும் தெரியாது. நீர் நிண்டனீரோ இருந்தனீரோ எண்டும் தெரியாது.”

நான் எழும்பிப் போய்க் காட்டினேன். வாசலுக்குப் பக்கத்தில் கோட்டுகள் மாட்டும் சிறிய அறை. போன் வயர் அதுவரைக்கும்தான் நீளும். அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்று, கோட்டுகளுக்குக் கீழே சப்பாத்துகளை ஒதுக்கிவிட்டு, நிலத்தில் இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு கதைப்பேன்.

“இதுக்குள்ளயோ?”

“ஓம்.”

அவர் குனிந்து உள்ளே போனார். சப்பாத்துகளைத் தள்ளிவிட்டு இருந்தார். முழங்கால்கள் எதிர்ச் சுவரில் முட்டின. கோட்டுகள் தலையில் தொங்கின. கொஞ்சநேரம் இருந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும் அளவுக்கு ஒதுங்கினார். நானும் போய் இருந்தேன்.

“கதவைச் சாத்தும்,” என்றார்.

சாத்தினேன். ஒன்றும் தெரியவில்லை. கம்பளியின் மணமும் அவருடைய தோளும் மட்டும்தான்.

“கப்பலுக்குப் பேர் பதியப் போன அண்டு,” என்று தொடங்கி நிறுத்தினார். “கப்பலுக்குப் பேர் பதியப் போன அண்டு, எனக்கு முன்னால ஒரு தாயும் மகளும் நிண்டவை.”

குசினியில் இருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அவர் நிறுத்தவில்லை.